நீர் அறுக்கும் சங்கிலி

கடத்தும் பாலிமர்களில் பாலிஅனிலினைப் போல எளிதாகச் செய்யக்கூடியது வேறு இல்லை என்பது முதுகலை மாணவர்களிடையே வழங்கும் பேச்சு. அனிலின் உப்பை நீரில் கரைக்க வேண்டும், அம்மோனியம் பெர்சல்பேட் கரைசலை ஊற்ற வேண்டும், இரவு விட்டுவைக்க வேண்டும். காலையில் குடுவையின் அடியில் கரும்பச்சை வீழ்படிவு தங்கியிருக்கும். இவ்வளவும் உண்மைதான். ஆனால் ஒரே செய்முறையைப் பின்பற்றிய இரண்டு பேர் தங்கள் தூளை அழுத்தி வில்லையாக்கி, நான்கு முனைக் கருவியில் மின்கடத்துதிறன் அளந்து பார்த்தால், ஒருவருடையது மற்றவருடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போவது உண்டு. அனிலின் பழசு, தராசு சரியில்லை என்று காரணங்கள் அடுக்கப்படும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீர் எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எதன்மேல் வேலை செய்தது?

இந்த அத்தியாயம் நீராற்பகுப்பைப் பற்றியது. திண்டுக்கல், காந்திகிராமம், பழனி, கொடைக்கானல் வட்டாரத்தில் புராஜெக்ட் செய்யும் மாணவர்களையும், பள்ளி ஆய்வகத்தில் ஒரு சின்னச் செயல்விளக்கம் காட்ட நினைக்கும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்ப்பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகையில் இருந்து பார்த்தவர்களுக்கு ஈரம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அலமாரியில் வைத்த சட்டையே நமத்துப்போகும் ஊர் அது. அந்த ஈரம் ரசாயனப் புட்டிக்குள் போனால் என்ன செய்யும் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

சங்கிலி எங்கே அறுகிறது

பாலிஅனிலின் புதுப்பொருள் இல்லை. 1834-இல் ஜெர்மானிய வேதியியலர் ரூங்கே தார் எண்ணெயிலிருந்து பிரித்த அனிலினில் சலவைத்தூள் சேர்த்து நீலநிறம் கண்டார். 1862-இல் லண்டனில் லெத்பி அமிலத்தில் கரைத்த அனிலினை மின்சாரத்தால் ஆக்சிஜனேற்றி, மின்முனைமேல் கருநீலப் படிவு எடுத்தார். அடுத்த ஆண்டே லைட்ஃபுட் இதைப் பருத்தித் துணியில் ஏற்றும் வழி கண்டார். 'அனிலின் கறுப்பு' என்று அது பெரும் வணிகமானது. அந்தக் கறுப்புச் சாயம் அமிலக் காற்றுப் பட்டால் பச்சையடிக்கும் என்பது சாயக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. அவர்கள் வெறுத்த அந்தப் பச்சைதான் மின்சாரம் கடத்தும் வடிவம். அதைத் தெரிந்துகொள்ள இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

1910-இல் கிரீன், உட்ஹெட் இருவரும் இந்தப் பொருளின் ஆக்சிஜனேற்ற நிலைகளுக்குப் பெயரிட்டார்கள். நமக்கு அவற்றில் மூன்று போதும். முற்றிலும் ஒடுக்கப்பட்டது லியூக்கோஎமரால்டின், நடுநிலையில் நிற்பது எமரால்டின், முற்றிலும் ஆக்சிஜனேறியது பெர்நிக்ரனிலின். எமரால்டின் அமிலத்தில் புரோட்டானேறி உப்பாகும்போது பச்சையாகிறது, மின்சாரமும் கடத்துகிறது.

சங்கிலியின் கட்டமைப்பை ஒருமுறை தாளில் வரைந்து பாருங்கள். பென்சீன் வளையம், நைட்ரஜன், பென்சீன் வளையம், நைட்ரஜன் என்று போகும். ஆக்சிஜனேற்றம் ஏற ஏற சில வளையங்கள் குயினாய்டு வடிவத்துக்கு மாறும். அப்போது வளையத்தின் கார்பனுக்கும் பக்கத்து நைட்ரஜனுக்கும் நடுவே இரட்டைப்பிணைப்பு வரும். அதுதான் இமின். பன்னிரண்டாம் வகுப்பில் ஆல்டிஹைடும் அமினும் சேர்ந்து நீரை வெளியேற்றி ஷிஃப் காரம் தருவதைப் படித்திருப்பீர்கள். இங்கே நடப்பது அதன் தலைகீழ். அமிலம் இமின் நைட்ரஜனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கும். நீர் மூலக்கூறு வந்து கார்பனைத் தாக்கும். நைட்ரஜன் அமினாகக் கழன்றுகொள்ளும். கார்பனில் ஆக்சிஜன் உட்காரும்.

இது சங்கிலியின் முனையில் நடந்தால் பெரிய நட்டம் இல்லை. ஒரு அம்மோனியா போகும், முனையில் ஒரு ஆக்சிஜன் வரும். நடுவில் நடந்தால் சங்கிலி இரண்டாகிவிடும். ஒரு துண்டின் முனையில் அமினும், மற்றத் துண்டின் முனையில் ஆக்சிஜன் தாங்கிய குயினாய்டு வளையமும் நிற்கும். அந்த வளையத்தின் மறுபக்க இமினையும் நீர் தாக்கினால், வளையம் முழுதாகக் கழன்று பாரா பென்சோகுயினோனாக நீரில் கலந்துவிடும். 1984-இல் கோபயாஷி, யோனெயாமா, தமுரா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் பாலிஅனிலின் மின்முனை சிதைவதை ஆராய்ந்தபோது எடுத்துக்காட்டியது இந்தப் பாதையைத்தான். சுழல் வோல்ட்டா வரைபடத்தில் இரண்டு பெரிய முகடுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு முகடு எழுந்தால், பென்சோகுயினோன் வந்துவிட்டது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதும் இதனால்தான்.

இப்போது மூன்று நிலைகளையும் ஒப்பிடுங்கள். லியூக்கோஎமரால்டினில் இமின் இல்லை; நீருக்குப் பிடிப்பு இல்லை. எமரால்டினில் பாதி நைட்ரஜன்கள் இமின். ஆனால் உப்பு வடிவத்தில் மின்னேற்றம் சங்கிலி முழுக்கப் பரவிவிடுவதால் நீர் எளிதில் தாக்காது. பெர்நிக்ரனிலினில் எல்லா நைட்ரஜனும் இமின். அமில நீரில் அது நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சங்கிலிக்கு ஆபத்து.

சிக்கல் என்னவென்றால், பெர்நிக்ரனிலின் வழியாகப் போகாமல் பாலிஅனிலின் செய்ய முடியாது. பெர்சல்பேட் இருக்கும்வரை வளரும் சங்கிலி பெர்நிக்ரனிலின் நிலையில்தான் இருக்கும். கரைசல் கருநீலமாகத் தெரிவது அதனால். பெர்சல்பேட் தீர்ந்தபின், மீதமிருக்கும் அனிலின் அந்தச் சங்கிலியை ஒடுக்கி எமரால்டினுக்கு இறக்குகிறது. நீலம் பச்சையாகிறது. குடுவைச் சுவரில் செம்பு மினுக்கம் படிகிறது. ஆக, அனிலின் மீதி இருக்க வேண்டும். பெர்சல்பேட் மீதி இருக்கக் கூடாது.

இங்கேதான் மாணவர்கள் சறுக்குவார்கள். பெர்சல்பேட் புட்டி பழையது, சக்தி குறைந்திருக்கும் என்று பயந்து ஒரு கரண்டி கூடப் போடுவார்கள். புட்டி நினைத்த அளவுக்குக் கெட்டிருக்காது. அனிலின் முழுதும் தீர்ந்துபோய், பெர்சல்பேட் மீந்து நிற்கும். சங்கிலியைப் பச்சைக்கு இறக்க ஆள் இருக்காது. இரவு முழுக்கப் பெர்நிக்ரனிலின் அமிலத்தில் ஊறும். காலையில் எடை நன்றாகவே வரும், நிறமும் கறுப்பாக அழகாக இருக்கும்; அளந்தால் கடத்தாது. பெர்சல்பேட் குறைந்தால் விளைச்சல் போகும். கூடினால் சங்கிலி போகும். விளைச்சலை மறுமுறை எடுத்துக்கொள்ளலாம். இந்த வேலையில் நான் எப்போதும் குறைவின் பக்கம்தான் சாய்வேன்.

புட்டிக்குள் ஈரம்

காற்றில் உள்ள ஈரத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. மலையில் பனிமூட்டம், அதனால் அங்கே காற்றில் நீர் அதிகம். சமவெளியில் உள்ள காரைக்குடியின் வெயிலில் நீர் குறைவு என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 டிகிரியில் முழு ஈரமேறிய ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீராவிதான் இருக்கும். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் சுமார் 40 கிராம் கொள்ளும்; ஈரப்பதம் 50 சதவீதம் என்றாலும் அதில் 20 கிராம் நீர் இருக்கிறது. பெரும்பாறைப் பனிமூட்டத்தைவிட காரைக்குடி நண்பகல் காற்றில் நீர் கூடுதல்.

ஆனாலும் ரசாயனப் புட்டி நமத்துப்போவது மலையில்தான். உப்புகளுக்குக் கிராம் கணக்கு தெரியாது. ஒப்பு ஈரப்பதம்தான் தெரியும். காற்று நூறு சதவீதத்தை நெருங்கும்போது, நீர் பிடிக்கும் பழக்கமுள்ள எந்த உப்பும் ஈரத்தை இழுத்துத் தன்மேல் ஒரு நீர்ப்படலமாக்கிக்கொள்ளும். வெயில் தாழ்ந்து மூடுபனி இறங்கும் முன் களத்தில் காயும் காப்பிக்கொட்டையை எஸ்டேட்காரர்கள் குவித்து மூடுவது எதற்காகவோ, அதற்காகத்தான் நாமும் புட்டியை மூடுகிறோம். எடை போடும் வேலையை வெயில் நேரத்தில் முடித்துவிடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டியை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே பனி கட்டும். டெசிக்கேட்டரில் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் 110, 120 டிகிரி அடுப்பில் காயவைத்தபின் போடுங்கள். இளஞ்சிவப்பு ஜெல்லோடு மூடிவைத்த டெசிக்கேட்டர் வெறும் கண்ணாடிப் பாத்திரம்.

அம்மோனியம் பெர்சல்பேட் உலர்ந்த நிலையில் நன்றாகவே நிற்கும். ஈரம் பட்டால் மெல்லச் சிதையும். நீரில் கரைத்தபின் சிதைவு வேகமாகிறது. வெப்பமும் அமிலமும் அதை முடுக்கும். நீர்த்த கரைசலில் அது பைசல்பேட்டாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. கடும் அமிலத்தில் முதலில் காரோ அமிலமாகவும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் நீராற்பகுப்படைகிறது. இதிலிருந்து இரண்டு விதிகள். பெர்சல்பேட் கரைசலை அன்றைக்கன்று செய்யுங்கள். கரைசல் உள்ள புட்டியை இறுக்கி மூடாதீர்கள், ஆக்சிஜன் சேர்ந்து அழுத்தம் ஏறும்.

புட்டி நல்லதா என்று அறிய ஒரு கைப்பக்குவம் உண்டு. உயிரியல் ஆய்வகத்தில் ஜெல் ஓட்டுபவர்களுக்கும் இது தெரியும்: நல்ல பெர்சல்பேட் தூளில் நீர் விட்டால் சன்னமாகப் படபடவென்று வெடிக்கும் ஒலி கேட்கும். ஒலி இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். ஆனால் காதை நம்பிக் கிராம் கணக்குப் போட முடியாது. அயோடின் தரம்பார்த்தல்தான் சரியான வழி. செலவும் அதிகம் இல்லை.

0.3 கிராம் பெர்சல்பேட்டைத் துல்லியமாக எடைபோட்டு, மூடியுள்ள கூம்புக்குடுவையில் 50 மி.லி. நீரில் கரையுங்கள். 2 முதல் 3 கிராம் பொட்டாசியம் அயோடைடு சேருங்கள். இந்த நொடியில் குடுவையைக் கவனியுங்கள். நல்ல பெர்சல்பேட் அயோடைடோடு நிதானமாகத்தான் வினைபுரியும், பி.எஸ்சி. வகுப்பில் வினைவேகச் சோதனைக்கு இதே வினையைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். மஞ்சள் நிறம் மெல்ல மெல்ல ஏறும். சேர்த்த கையோடு அடர் பழுப்பு வந்தால், காரோ அமிலம் உள்ளே இருக்கிறது, நீராற்பகுப்பு நடந்துவிட்டது என்று பொருள். குடுவையை மூடி அரை மணி நேரம் இருட்டில் வையுங்கள். பிறகு கொஞ்சம் அசெட்டிக் அமிலம் சேர்த்து, 0.1 நார்மல் ஹைப்போ கரைசலால் தரம் பாருங்கள். மஞ்சள் வெளிறியபின் ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும்வரை தொடருங்கள்.

0.1 நார்மல் ஹைப்போ ஒரு மி.லி. என்பது 11.41 மில்லிகிராம் பெர்சல்பேட்டுக்குச் சமம். தூய 0.3 கிராமுக்கு 26.3 மி.லி. ஆக வேண்டும். உங்களுக்கு 23.7 மி.லி.தான் ஆனது என்று வையுங்கள். 270 மில்லிகிராம், அதாவது 90 சதவீதத் தூய்மை. அப்போது எடையை 0.9-ஆல் வகுத்துக்கொண்டு எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கரண்டியால் கூட்ட வேண்டியதில்லை. 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் அந்தப் புட்டியை இந்த வேலைக்கு நான் தொட மாட்டேன்.

செய்முறையும் அதைக் கவனிக்கும் விதமும்

2002-இல் தூய, பயன்பாட்டு வேதியியல் பன்னாட்டு ஒன்றியத்தின் சார்பில் ஸ்டெய்ஸ்கல், கில்பர்ட் இருவரும் பாலிஅனிலினுக்கு ஒரு பொதுச் செய்முறையை வெளியிட்டார்கள். பல நாடுகளின் ஐந்து நிறுவனங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் அதே செய்முறையைத் தனித்தனியே செய்துபார்த்தார்கள். 59 மாதிரிகளின் சராசரிக் கடத்துதிறன் செ.மீ.க்கு 4.4 சீமென்ஸ், ஏற்ற இறக்கம் 1.7. உங்கள் தூளை இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பக்கத்து மேசைக்காரரின் தூள் அளவுகோல் ஆகாது.

அனிலின் ஹைட்ரோகுளோரைடு 2.59 கிராம், அதாவது 20 மில்லிமோல், நீரில் கரைத்து 50 மி.லி. ஆக்குங்கள். அம்மோனியம் பெர்சல்பேட் 5.71 கிராம், 25 மில்லிமோல், இன்னொரு 50 மி.லி. இரண்டையும் ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்து, ஒன்றாக ஊற்றி, சற்றே கலக்கி விட்டுவிடுங்கள். நான்கு அனிலினுக்கு ஐந்து பெர்சல்பேட் என்பதுதான் விகிதம், 1.25. இதற்குமேல் ஏற்றாதீர்கள்.

வினை தொடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்த அமைதியைப் பார்த்து இன்னும் பெர்சல்பேட் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்; வேண்டாம். தொடங்கியபின் வெப்பம் எழும், குடுவையைத் தொட்டாலே தெரியும். அறை வெப்பத்தில் பத்து நிமிடங்களுக்குள் முக்கியக் கட்டம் முடிந்துவிடும். பனிக்கட்டித் தொட்டியில் 0 முதல் 2 டிகிரியில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். குளிரில் செய்வதால் கடத்துதிறன் பெரிதாகக் கூடுவதில்லை என்பது அந்தக் கூட்டாய்வில் தெரிந்தது. கூடுவது மூலக்கூறு எடை. சங்கிலி நீளமாக வேண்டும், பிறகு கரைத்துப் படலம் இழுக்க வேண்டும் என்றால் பனிக்கட்டி வாங்குங்கள். வில்லை அழுத்திக் கடத்துதிறன் மட்டும் அளப்பதானால் பெரும்பாறைக் குளிரே போதும்.

ஒரு பிளாட்டினம் கம்பியும் ஒரு கலோமல் மின்முனையும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால், உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்ததுபோல் தெரிந்துகொள்ளலாம். கரைசலில் இரண்டையும் முக்கி வோல்ட்டைக் குறித்துக்கொண்டே வாருங்கள். பெர்நிக்ரனிலின் கட்டத்தில் முக்கால் வோல்ட்டை ஒட்டி ஏறி நிற்கும். பெர்சல்பேட் தீர்ந்து எமரால்டினுக்கு இறங்கும்போது அரை வோல்ட்டுக்குக் கீழே சரியும். சரிந்துவிட்டதா, வடிகட்டத் தயார். மேலேயே நிற்கிறதா, பெர்சல்பேட் மீந்திருக்கிறது. கொஞ்சம் அனிலின் ஹைட்ரோகுளோரைடு கரைசல் சேர்த்துக் கீழே இறக்குங்கள். ஆய்வகத்தில் நேரம் குறைவு என்றால் மற்ற எதை விட்டாலும் இந்த அளவீட்டை மட்டும் விடாதீர்கள்.

வீழ்படிவை 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் மூன்று முறை, அசெட்டோனால் மூன்று முறை கழுவுங்கள். வெறும் நீரால் கழுவாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது. வடிநீரையும் பாருங்கள். மஞ்சள் பழுப்பேறி, மூக்கை அரிக்கும் நெடி வந்தால் பென்சோகுயினோன் கலந்திருக்கிறது. நெடியை முகர்ந்து சோதிக்காதீர்கள். கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். புற ஊதா நிறமாலைமானியில் 246 நானோமீட்டர் அருகே முகடு உண்டா என்று பாருங்கள். உலர்ந்த தூளின் அகச்சிவப்பு நிறமாலையில் (எண்கள் செ.மீ.⁻¹ அலகில்), குயினாய்டு வளையத்தின் 1580, பென்சினாய்டு வளையத்தின் 1490 முகடுகளுக்கு மேலே, 1650 முதல் 1680-க்குள் ஒரு தோள் எழுந்தால் அது கார்பனைல். சங்கிலி அறுந்த இடத்தில் உட்கார்ந்த ஆக்சிஜன் அது.

பாலிபைரோலும் பெர்ரிக் குளோரைடும்

பைரோலை ஆக்சிஜனேற்றிப் பாலிபைரோலாக்கப் பெரும்பாலோர் பெர்ரிக் குளோரைடைத்தான் எடுப்பார்கள். மலையில் மிக வேகமாகக் கெட்டுப்போகும் புட்டி இதுதான். நீரற்ற பெர்ரிக் குளோரைடு ஒரு கிராம், முழு ஹைட்ரேட்டாக மாறும்போது 0.67 கிராம் நீரைக் குடித்திருக்கும். 10 மில்லிமோல் வேண்டுமென்றால் நீரற்றதில் 1.62 கிராம், ஹெக்சாஹைட்ரேட்டில் 2.70 கிராம். பாதி நமத்த புட்டியில் எந்த எண்ணும் பொருந்தாது. அதனால் என் யோசனை: நீரில் செய்யும் வேலைக்கு முதலிலேயே ஹெக்சாஹைட்ரேட் வாங்கிவிடுங்கள். அதன் நீர் எவ்வளவு என்று தெரியும், ஏமாற்றாது.

இரும்பு அயனியே நீரைப் பிளக்கும். கரைத்தவுடன் கரைசல் தானாக அமிலமாவதைப் பிஎச் தாளிலேயே பார்க்கலாம். நாள்பட்டால் பழுப்பாகக் கலங்கும். இரும்பு ஹைட்ராக்சைடு வீழ்வதால் ஆக்சிஜனேற்றும் வலிமை குறைகிறது. தெளிந்த பொன்மஞ்சள் கரைசலை மட்டும் பயன்படுத்துங்கள். கலங்கியதை வடிகட்டிப் பயன்படுத்தலாமே என்று கேட்பார்கள். எவ்வளவு இரும்பு வடிதாளில் தங்கியது என்று தெரியாமல் விகிதம் போட முடியாது. அமிலம் சேர்த்துக் கலங்கலை அடக்கினால் வேறு தொல்லை: அமிலம் கூடினால் பைரோல் மூன்று மூன்றாகச் சேர்ந்து, இரட்டைப்பிணைப்புத் தொடர் முறிந்த பொருளைத் தரும்.

ஆக்சிஜனேறிய பைரோல் வளையத்தையும் நீர் விட்டுவைக்காது. வளையத்தில் ஏறி ஹைட்ராக்சில், கார்பனைல் தொகுதிகளை உண்டாக்கும். அங்கே மின்சாரத்தின் வழி அறுபடும். 1700-ஐ ஒட்டிய அகச்சிவப்பு முகடு அதன் அடையாளம். 1989-இல் மச்சிடா, மியாட்டா, டெச்சகம்புச் மூவரும் நீருக்குப் பதில் மெத்தனாலில், 0 டிகிரியில், பெர்ரிக் குளோரைடால் செய்த பாலிபைரோல் செ.மீ.க்கு 190 சீமென்ஸ் கடத்தியது. நீரில் செய்வது இதற்கு வெகு கீழே நின்றுவிடும். மெத்தனால் நஞ்சு, எரியக்கூடியது. புகை உறிஞ்சும் பெட்டி இல்லாத ஆய்வகத்தில் அதைச் செய்ய வேண்டாம். நீரிலேயே செய்யுங்கள், குளிரில் செய்யுங்கள், முடிந்ததும் வடிகட்டிவிடுங்கள்.

பாலிதயோபீனுக்குக் குளோரோபார்மும் நீரற்ற பெர்ரிக் குளோரைடும் வேண்டும். அங்கே திண்மத் துகளின் பரப்பில்தான் வினை நடக்கிறது, நீர் பட்டால் பரப்பு செத்துவிடும். பாலிஅசெட்டிலீன் வினையூக்கி டைட்டானியம் ஆல்காக்சைடும் ட்ரைஎத்தில் அலுமினியமும் கலந்தது. முன்னது ஈரக்காற்றில் வெண்மையாகக் கலங்கும், பின்னது காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். ஷிராகாவா, மக்டையர்மிட், ஹீகர் மூவருக்கும் 2000-இல் நோபல் பரிசு வந்தது அந்தப் பாலிமரை வைத்துச் செய்த வேலைக்குத்தான். ஆனால் நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு அது ஏற்றதில்லை.

டோப்பிங் உப்புகளில் சிலவற்றைப் பற்றி எச்சரித்தாக வேண்டும். ஹெக்சாபுளோரோபாஸ்பேட், டெட்ராபுளோரோபோரேட் உப்புகள் ஈரத்தில் நீராற்பகுப்படைந்து ஹைட்ரஜன் புளோரைடைத் தரும். கண்ணாடியை அரிக்கும், தோலுக்குள் இறங்கிச் சதையை அழிக்கும் பொருள் அது. புட்டியின் உட்சுவர் மங்கியிருந்தால் திறக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

தூள் செத்ததா, தூங்குகிறதா

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் 1953 ஜனவரி 14-இல் திறக்கப்பட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்த நிலையம் அது. கடத்தும் பாலிமர்களில் நம் மாநிலத்தில் நெடுங்காலமாக வேலை நடந்த இடங்களில் அது முக்கியமானது. டி. சி. திரிவேதி அங்கே பாலிஅனிலின் ஆராய்ச்சி செய்தார். 2000-களில் சத்தியநாராயணன், வெங்கடாச்சாரி முதலியோர் பாலிஅனிலினை நிறமியாகக் கலந்த பெயிண்ட் எஃகை அரிப்பிலிருந்து காப்பதை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். பெயிண்ட் என்றால் மழையும் ஈரமும் தினமும் படும். முடிந்த பாலிமர்மேல் நீர் என்ன செய்யும் என்ற கேள்வி அங்கே வேலையின் மையத்துக்கு வந்துவிடுகிறது.

இங்கே இரண்டு வேறு விஷயங்களை மாணவர்கள் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பச்சைத் தூளை வெறும் நீரில் நெடுநேரம் கழுவினால் அமிலம் வெளியேறி நீலமாகும், கடத்துதிறன் சரியும். அம்மோனியாவில் ஊறினால் ஒரு சென்டிமீட்டருக்குச் சீமென்ஸின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இது நீராற்பகுப்பு இல்லை, புரோட்டான் இழப்பு. சங்கிலி முழுசாக இருக்கிறது. நீராற்பகுப்பில் சங்கிலியே துண்டாகிவிடும். இரண்டிலும் மீட்டரில் தெரிவது ஒன்றுதான்: எண் விழும்.

பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. கடத்தாத தூளில் கொஞ்சம் எடுத்து, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் கலக்குங்கள். வடிகட்டி, அசெட்டோனால் கழுவி, காயவைத்து மறுபடி அளங்கள். எண் மீண்டுவிட்டால் அது தூங்கிய தூள். மீளவில்லை என்றால் சங்கிலி அறுந்தது. அமிலம் அதை ஒட்டாது, புதிதாகத்தான் செய்ய வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் 'மாதிரி சிதைந்தது' என்று புராஜெக்ட் அறிக்கையில் எழுதுவதை நான் ஏற்பதில்லை.

பெரும்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் செய்ய ஒரு நல்ல புராஜெக்ட் இதிலிருந்தே கிடைக்கிறது. பருத்தித் துணியை அனிலின் ஹைட்ரோகுளோரைடு கரைசலில் நனைத்து, அதன்மேலேயே வினையை நடத்தி, பச்சைப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பாதிப் பட்டைகளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மீதியில் டோடெசைல்பென்சீன் சல்போனிக் அமிலம். பிந்தையது பெரிய மூலக்கூறு. பனியில் எளிதில் கழுவிப்போகாது. ஒரு தொகுதியை மலையில் கூரைக்குக் கீழே தொங்கவிடுங்கள். இன்னொன்றைத் திண்டுக்கல்லில் அதே மாதிரி இடத்தில். வாரம் ஒருமுறை எதிர்ப்பை அளங்கள், அன்றைய ஈரப்பதத்தையும் குறியுங்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அமிலத்தில் முக்கி மறுபடி அளந்தால், எவ்வளவு இழப்பு மீளக்கூடியது, எவ்வளவு நிரந்தரம் என்று தனித்தனியே சொல்லிவிடலாம். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். அங்கே அம்மோனியா பட்டைகளை நீலமாக்கிக் கணக்கைக் குழப்பும்.

கழிவு

அனிலின் தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறி, ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பெர்சல்பேட் தூள் பறந்தால் சிலருக்கு மூச்சிரைப்பு வரும்.

வடிநீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். கீழ்ப்பழனி மலையில் ஓடும் நீர் குடகனாறாகி ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. திண்டுக்கல் குடிக்கும் தண்ணீர் அது. வடிநீரை அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் கேனில் சேருங்கள், மூடியைத் தளர்வாக வையுங்கள். சோடியம் பைசல்பைட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பொட்டாசியம் அயோடைடு ஸ்டார்ச் தாள் சில நிமிடங்கள் பொறுத்தும் நீலமாகாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெர்சல்பேட் நிதானமாக வினைபுரியும் என்பதால் இந்தப் பொறுமை தேவை. பிறகு சலவைச் சோடாவால் பிஎச் 7-ஐ ஒட்டிக் கொண்டுவந்து, மூடியை இறுக்கி, 'அனிலின், குயினோன் கலந்த நீர்' என்றும் தேதியையும் எழுதி ஒட்டி, கல்லூரியின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். சோடா சேர்க்கும்போது நுரைத்துப் பொங்கும். கேனைப் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள்.